யாரென்று கேட்காத மனிதர்

எங்கள் பக்கத்தில் அப்போது அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு யாரும் யார் வீட்டுக் கதவையும் சும்மா தட்டுவதில்லை. தட்டினால் உள்ளே முதலில் விளக்கு அணையும். பிறகு "ஆரு?" என்று ஓர் ஆண் குரல் கேட்கும். பெயரைச் சொல்ல வேண்டும், வாப்பாவின் பெயரைச் சொல்ல வேண்டும், சில வீடுகளில் வந்த காரியத்தையும் வெளியே நின்றே சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் கல்முனையும் அதைச் சுற்றிய ஊர்களும் அப்படித்தான் இருந்தன. எங்கள் பின்வளவுக்காரர் ஒருவரின் கதவு மட்டும் தட்டிய கையை எடுக்கும் முன்பே திறந்துவிடும்.

தெருவே அவரை அண்ணன் முறையில் காக்கா என்றது. நானும் அப்படியே கூப்பிட்டேன். பழைய சாக்குகளை வாங்கி, கிழிசலைத் தைத்து, நெல் ஆலைகளுக்கு விற்பது அவர் தொழில். சைக்கிளின் பின்னால் அவரைவிட உயரமாகச் சாக்குக் கட்டு இருக்கும். முன்பு ஊர்காவல் படையில் இருந்தவர். ஊரையும் வயலையும் காக்கவென்று அரசாங்கம் எங்கள் பெடியன்களுக்குச் சுடத் துவக்குக் கொடுத்ததே, அந்தப் படையில். இரண்டு வருடத்துக்குள் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும்.

கதவு விஷயத்தில் அவர் மனைவிக்கு அடங்காத கோபம். எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கு வந்து என்னிடம் முறையிடுவார்.

"ஆரெண்டு கேட்டுப்போட்டுத் தொறந்தா இவருக்கு வாய் தேஞ்சிருமா தம்பி? நேத்து ஆமிக்காரன் தட்டினான், தொறந்த. முந்தநாள் ஒரு பைத்தியம் தட்டின, அதுக்கும் தொறந்த. ஒருநாளைக்கு உசிரெடுக்கிற இஸ்றாயீல் வந்து தட்டுவாரு, அவருக்கும் பாயைப் போட்டு இரிங்க எண்டுவாரு."

"அவருக்குத் தொறக்காம இரிக்க ஏலுமா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து காக்காவின் குரல் வரும்.

அதே மனிதர் தான் வருவதை மட்டும் ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு வருவார். சந்து முனையிலேயே சைக்கிள் மணி தொடங்கிவிடும். மணி நின்றால் இருமல். இருமலுக்குப் பிறகு, "வாறன், வாறன், நான்தான் வாறன்." பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டி விளையாடுவார்கள். ஒருநாள் நான் வீட்டில் பின்னேரத்து அஸர் தொழுதுகொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், வெயிலில் வேலிப் படலைக்கு அந்தப் பக்கம் குந்தியிருக்கிறார்.

"உள்ளுக்கு வந்து இரிந்திருக்கலாமே காக்கா."

"தொழுற மனிசனுக்குக் கிட்டப் போகப்படாது."

"குறுக்கால போகத்தான் கூடாது. கிட்டப் போனா என்ன?"

படித்தவன் என்ற தோரணையில் நான் அதைச் சொன்னேன். அவர் இரவல் வாங்க வந்த சைக்கிள் பம்பைக் கேட்கவும் மறந்து எழுந்து போய்விட்டார்.

ஊர் அவரைக் கேலி செய்தது சாவு வீட்டு ஜனாஸா விஷயத்தில்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு மௌத்தை அறிவித்தால் ஊசியைச் சாக்கில் குத்தியபடியே விட்டு எழும்புவார். வசதியான வீட்டு ஜனாஸா என்றால் ஓரமாக நிற்பார். அங்கே கூட்டம் தானாக வரும். இல்லாதவன் வீட்டு மையத்து என்றால்தான் அவருக்கு வேலை. ஜனாஸாத் தொழுகையில் மூன்று ஸஃப், அதாவது மூன்று வரிசையாவது நின்றால் இறந்தவருக்கு நல்லது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும், அவ்வளவுதான். அவர் அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தார். ஆஸ்பத்திரியில் மௌத்தான, ஊர் பேர் தெரியாத ஒரு கிழவருக்கு ஒருநாள் இரண்டு வரிசைதான் தேறியது. காக்கா றோட்டுக்கு ஓடிப்போய் அக்கரைப்பற்று பஸ்ஸை மறித்துவிட்டார்.

"மூணாம் ஸஃபுக்கு ஆள் காணா. கைகால் கழுவி ஒளுவோட இரிக்கிறவங்க இறங்குங்க. அஞ்சு நிமிசம்."

"ஆரு காக்கா மௌத்து?" என்றார் கண்டக்டர்.

"எனக்குத் தெரியா."

"தெரியாத ஆளுக்கா பஸ்ஸ மறிச்ச?"

"தெரிஞ்ச ஆளெண்டா நீங்க தானா வருவீங்கதானே."

நான்கு பேர் இறங்கினார்கள். திட்டிக்கொண்டே கண்டக்டரும் இறங்கினார். அன்றிலிருந்து காக்காவுக்கு 'மூணாம் ஸஃப்' என்று பட்டம். "மூணாம் ஸஃப் வருது, ஆருடா மௌத்து?" என்று சந்தியில் கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே போவார். அந்தச் சிரிப்பை நான் நீண்ட காலம் வெகுளித்தனம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். வாப்பா சைக்கிளில் மீன் விற்றார். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைப்பார். நான் ஏ.எல். பாஸ் பண்ணிவிட்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்ததால், தெருவில் எதை எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வந்தார்கள். அப்படித்தான் லீடரும் ஆள் அனுப்பினார். காக்கா இருந்த காவல் நிலைக்கு அந்த நாளில் பொறுப்பாக இருந்தவர் அவர். ஊர் இன்னும் லீடர் என்றுதான் சொல்லும். இப்போது நெல் ஆலை முதலாளி. கடமையில் உயிர்விட்ட மூன்று ஊர்காவல் பெடியன்களுக்கும் அவர்களை அடக்கிய மையவாடியில் ஒரு நினைவுக் கல் நடப் போகிறார்கள். கல்லுக்கு வாசகம் எழுத வேண்டும். பிரிந்து போன பழைய கூட்டாளிகளைத் தேடி அழைப்புச் சொல்ல வேண்டும். என்னைச் செயலாளராக்கினார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த மூவரில் இரண்டு பேர் வயல் வட்டைக் காவலில் இருந்தபோது, ஒரு பின்னேரம் ஆயுத இயக்கத்தாரின் துவக்கு வெடியில் போனவர்கள். மூன்றாமவர் அதற்கு மூன்றாம் நாள் விடியற்காலையில். அவரை றசாக் என்று வைத்துக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேறு. அவருடைய உம்மாவும் இப்போது உயிரோடில்லை. இருந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கூட்டாளிகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது காக்காவுக்குத்தான் தெரியும். இருவர் நற்பிட்டிமுனையில், ஒருவர் வரிப்பத்தான்சேனையில், ஒருவர் இறக்காமத்தில். சவூதியிலிருந்து ஒருவர் லீவில் வந்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். எந்த வாசலில் நின்றாலும் முதலில் கட்டிப் பிடித்தல், பிறகு பழைய பட்டப்பெயர்கள், பிறகு சிரிப்பு. வரிப்பத்தான்சேனைக்காரர் காக்காவின் சாக்குக் கட்டைப் பார்த்து, "துவக்குத் தூக்கச் சொன்னா இடுப்பு நோகுது எண்ட ஆளுடா இது" என்றார். தேத்தண்ணீர் வரும். அதற்குப் பிறகு காக்கா அவர்களைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்பார். அவர்கள் திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது. எல்லா வீட்டிலும் இதே நடந்தது.

கடைசியாக இறக்காமம். வேளாண்மை முற்றிய நேரம். முதல் நாள் யானை இறங்கி அந்த மனிதரின் வயலைத் துவைத்திருந்தது. அவர் தள்ளிப் போகச் சம்மதிக்கவில்லை. என் முன்னாலேயே சொன்னார்.

"காக்கா, யானை வந்து ரெண்டு ஏக்கர் போச்சி. அதப் பத்திக் கதைங்க, இரிந்து கேக்கிறன். இதப் பத்திக் கதைக்காதீங்க."

"ஒரு அஞ்சு நிமிசம்தான்டா."

"கல்லுத் தொறக்க வாறன். காக்கி உடுத்துக்கிட்டே வாறன். மத்ததுக்கு வரமாட்டன். சத்தியம் பண்ணின நாம."

திரும்பி வரும்போது வாய்க்கால் ஓரத்தில் நான் சைக்கிளை நிறுத்தினேன். "மத்தது எண்டா என்ன காக்கா?" என்று கேட்டேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு பேர் போய் மூணு நாள். ஒருத்தரும் கண் மூடல்ல. சுபஹு நேரம், இருட்டு விட்டும் விடாமலும். நான்தான் காவல் சென்றியில நிண்டன். வரம்புக்கு அங்கால என்னமோ குனியிற மாதிரித் தெரிஞ்சிச்சி. ஆரு எண்டு கேட்டன். சத்தமில்ல. திரும்பவும் ஆரு எண்டு கேட்டன். சத்தமில்ல. பிறகு அது எழும்பின."

குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து வாய்க்காலில் விட்டார்.

"தொழுதுக்கிட்டு இரிக்கிறவன் எப்படித் தம்பி பதில் சொல்லுவான்? அல்லாஹு அக்பர் எண்டு தக்பீரச் சத்தமாத்தான் சொல்லியிரிப்பான், நம்மட ஆள்தான் தொழுறான் எண்டு காட்ட. மதகுத் தண்ணி இரையிது, எனக்குக் கேக்கல்ல. நெத்திய மண்ணில வெச்ச ஸுஜூதிலிரிந்து எழும்பினான் றசாக். அவ்வளவுதான்."

லீடர்தான் முடிவெடுத்தாராம். எல்லோரும் காட்டுப் பக்கம் பார்த்துத் துவக்கால் வெடி வைத்தார்கள். இயக்கத்தார் திரும்பவும் வந்தார்கள், றசாக் எதிர்த்து நின்றான் என்று கதை ஊருக்குப் போனது. உயிரோடிருந்த ஏழு பேரும் வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். பொழுது விடிய டிராக்டரில் மையத்து ஊருக்கு வந்தது. போரில் ஷஹீதானவரை, உயிர்த்தியாகியானவரை, நாங்கள் குளிப்பாட்டுவதில்லை, தொழுகையும் இல்லை, இரத்த உடுப்போடு அப்படியே அடக்குவோம். அது அவருக்குள்ள மரியாதை.

"ஊரே திரண்டு நிண்ட, தம்பி. மையவாடி கொள்ளாத சனம். எத்தின ஸஃபுக்கு ஆள் இரிந்திச்சி. ஒருத்தரும் தொழல்ல. நான் மையத்து வெச்ச சந்தூக்கப் புடிச்சிக்கிட்டு நிண்டன். வாயத் தொறந்தனெண்டா அவனக் கழுவிக் கபன் துணி போட்டிருப்பாங்க. தொறக்கல்ல."

"அவரும் ஷஹீதுதானே காக்கா? தொழுகையில போனவர்."

"அது அல்லாட கணக்கில. பிழையா வெடி பட்டுப் போனவன் மறுமையில, ஆகிறத்திலதான் ஷஹீது. இஞ்ச அவனக் குளிப்பாட்டித் தொழத்தான் வேணும். தூர ஊர் மவுலவி ஒருத்தர்ட்ட ஆருட கதையோ மாதிரிக் கேட்டன். இனித் தோண்ட ஏலா, கபுறடியில நிண்டு தொழலாம், அண்டைக்கு வயசு வந்திரிந்த ஆக்கள் தொழலாம் எண்டார்."

"நீங்க தனியத் தொழல்லயா?"

"தொழாம? ஆனா அது சுட்ட கை கட்டின தொழுகை. அவனோட நிண்டவனுகள் வந்து நிக்கணும். முன்னுக்கு ஒராள், பின்னுக்கு ரெண்டு ரெண்டு பேரா மூணு ஸஃப். சவூதிக்காரன் அடுத்த மாசம் போயிருவான். பிறகு எந்தக் காலத்தில ஏழு பேரும் சேருற?"

"ஊருக்கு உண்மையைச் சொல்லிருங்களன்" என்றேன். இருபத்து மூன்று வயதில் எனக்கு எல்லாம் அவ்வளவு லேசாக இருந்தது. அவர் சைக்கிளை எடுத்தார். "வா, அழைப்புச் சொல்ல இன்னொரு வீடு இரிக்கி" என்றார்.

அது றசாக்கின் உம்மா வீடு. சந்து முனையிலிருந்தே காக்கா மணியடித்து, இருமி, "நான்தான் வாறன்" சொல்லிவிட்டார். உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கல் நடும் விஷயத்தை நான் சொன்னேன். அவர் அழவில்லை, முகம் அப்படியே மலர்ந்தது.

"மத்தவங்கட புள்ளைகள் மௌத்தானா அஞ்சாறு பேர் சேந்து புரட்டிக் கழுவுவாங்க மகன். என்ட புள்ளயில ஒரு கை படல்ல. வானத்து மலக்குமார் பாத்துக்குவாங்க எண்டு மவுலவி சொன்ன. அந்தச் சொல்லுதான் என்னைச் சோறு தின்ன வெச்சிரிக்கி." பிறகு காக்காவின் பக்கம் திரும்பி, "இவன்தான் என்ட புள்ளய டிராக்டரில மடியில வெச்சிக் கொண்டுவந்த. இவனுக்குக் கேக்காம எனக்கு ஒரு தொழுகையிலயும் துஆ இல்ல" என்றார்.

காக்கா தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். கோப்பையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்து நெடுந்தூரம் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். நானும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கல் நடுவதற்கு முதல் நாள் ஆலையில், என் முன்னால்தான் அவர் லீடரிடம் கடைசியாகக் கேட்டார். தைத்த சாக்குக் கட்டு தோளில் இருந்தது. இறக்கி வைக்கவும் இல்லை.

"உம்மாவுக்கு ஒண்டும் தெரிய வேணாம் லீடர். நாளைக்கித் துஆ முடிய எல்லாரும் நிக்கக்குள்ள, மூணு பேருக்கும் சேத்து ஒரு தொழுகை எண்டு சொல்லுங்க. ஆருக்கும் ஒண்டும் விளங்காது."

"மவுலவிக்கு விளங்காதா? ஷஹீதுக்கு என்னத்துக்குத் தொழுகை எண்டு கேக்க மாட்டாரா? ஒராள் கேட்டா ஊர் கேக்கும். ஊர் கேட்டா அந்தக் கிழவி கேக்கும். அதுட மொகத்தப் பாத்து நீ சொல்லுவியா?"

காக்கா சாக்குக் கட்டை மறுதோளுக்கு மாற்றினார்.

"ஒனக்கு மனசு ஆறணும். அதுக்கு நாங்க ஆறு பேரும் நாறணும்."

"எனக்கு ஆற வேணாம். குறை அவனுக்குத்தான்."

லீடர் சாக்குக் கட்டைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத் தெச்சிரிக்கி. மூலையில அடுக்கிட்டுப் போ" என்றார். காக்கா அடுக்கினார். ஒவ்வொன்றாக, மடிப்புக் கலையாமல் அடுக்கினார்.

மறுநாள் அஸருக்குப் பிறகு மையவாடி நிறைந்துவிட்டது. கூட்டாளிகள் ஆறு பேரும் பெட்டியில் கிடந்த காக்கியை எடுத்து உடுத்திருந்தார்கள். சிலருக்கு வயிற்றுப் பொத்தான் பூட்டவில்லை. ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்தார்கள், கண் கலங்கினார்கள். அது பொய்க் கண்ணீர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். காக்கா மட்டும் வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி. நான் எழுதிக் கொடுத்த வாசகம் கல்லில் மினுங்கியது. மூன்று பெயருக்கும் முன்னால் ஒரே மாதிரி 'ஷஹீத்' என்று பொறித்திருந்தார்கள். மவுலவி துஆ ஓதினார். ஆமீன் சத்தம் அடங்கி, சனம் கலையத் தொடங்கும் நேரத்தில், காக்கா றசாக்கின் கபுறடிக்குப் போய்க் கிப்லாத் திசையைப் பார்த்து நின்றார். செருப்பைக் கழற்றினார். கையை உயர்த்தி முதல் தக்பீரைச் சொன்னார்.

"என்ன செய்யிறார் இவர்? ஷஹீதுக்குத் தொழுகை இல்லையே" என்றார் மவுலவி.

"மூணாம் ஸஃப் இண்டைக்கு முன்னுக்கு வந்திட்டுடோய்" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

லீடர் ஒலிவாங்கியை எடுத்தார். குரலில் கனிவு இருந்தது. "எங்கட காக்காக்கு அந்த நாள் வெடிச் சத்தத்தோட தலை கொஞ்சம் பழுது. அவர்ல பிழையில்ல, ஒருத்தரும் ஒண்டும் சொல்ல வேணாம். எல்லாரும் மில்லுக்கு வாங்க, சாப்பாடு இரிக்கி." சனத்தின் முகங்களில் சிரிப்புப் போய் இரக்கம் வந்தது. இனி அவர் தெருவில் நின்று உண்மையையே கத்தினாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கியது. றசாக் மௌத்தான வருடம் எனக்குப் பதினேழு வயது. நான் போய் அவருக்குப் பின்னால் நின்று கையைக் கட்டினேன்.

தொழுகையில் பார்வை தரையில் இருக்க வேண்டும். அதனால் மற்றதெல்லாம் எனக்குக் கால்களாகத்தான் தெரிந்தது. கால்கள் வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தன. இரண்டாம் தக்பீருக்குப் பிறகு ஒரு சோடிக் கால்கள் எதிர்த் திசையில் வந்தன. காக்கிக் காற்சட்டை, றப்பர் செருப்பு. மற்றக் கூட்டாளிகளெல்லாம் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். வயல் சேறு வெடிப்பில் ஏறிய அந்தக் குதிகால் இறக்காமத்துக்காரருடையது. என் பக்கத்தில் வந்து நின்றார். இடது கால் செருப்பிலிருந்து வெளியே வந்தது. வலது காலும் வந்தது. வெறும் மணலில் பத்து விரல்களும் என் விரல்களோடு ஒரே கோட்டில் நின்றன. அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

மூன்றாம் தக்பீர். ஒலிபெருக்கியில் லீடர் கூட்டாளிகளைப் பெயர் சொல்லி, ஒவ்வொருவராகப் படம் எடுக்கக் கூப்பிட்டார். இறக்காமத்துக்காரரின் பெயரும் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. பக்கத்திலிருந்த வலது கால் அசைந்து செருப்பைத் தேடியது. செருப்பு கவிழ்ந்து கிடந்தது. பெருவிரலால் அதைப் புரட்டி, நேராக்கி, நுழைத்துக்கொண்டது. பிறகு மற்றக் காலும். மணலில் இரண்டு தடங்கள் இருந்தன.

முன்னால் நின்ற காக்காவால் திரும்பிப் பார்க்க முடியாது. நான்காம் தக்பீரை அவர் மற்ற மூன்றையும்விட உரக்கச் சொன்னார், கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் என்பதைப் போல.